ஜனாதிபதி விலகியதற்குக் காரணம்

காலையில் ஜனாதிபதியைச் சுட்டார்கள். குண்டு காதை ஒட்டிப் போய்விட்டது. நடந்ததை நடந்தபடி தானே எழுதி வாசிக்கும் புத்தகம் மாலைக்குள் தயாராகிவிட்டது. அதில் வருகிறவர்கள் தங்கள் பக்கத்தைக் கேட்டு ஒப்புக்கொண்டால்தான் வெளியே போகும். போய்விட்டால் கோர்ட்டுக்கும் அதுதான் சாட்சி.

சித்தாள் ஒச்சம்மாளின் வீட்டுச் சுவரிலிருந்து புத்தகம் பேசியது.

"குண்டு வருவதற்கு முன்னால் 'ஓரம் போ' என்று கத்தினீர்கள். சுடப்போவது உங்களுக்கு முன்பே தெரியும் என்று எழுதியிருக்கிறேன்."

"போச்சு, உள்ள தூக்கி வச்சிருவாங்க," என்றான் புருஷன் காசிமாயன்.

"தலையில கலவைச் சட்டி," என்றாள் ஒச்சம்மாள். "கட்டடம் பாக்க வந்த மனுசன் சாரப் பலகையில வழிய மறிச்சு நின்னா, கத்தாம கொஞ்சவா செய்வாங்க? சுமையோட வர்றவ சத்தம் போட்டா எவனா இருந்தாலும் ஒதுங்கணும்."

"அவர் ஜனாதிபதி."

"சட்டியோட எங்கிட்டு அண்ணாந்து மூஞ்சியப் பாக்குறது? செருப்புதான் தெரிஞ்சுச்சு."

"வேறு ஏதாவது சொன்னீர்களா?"

"எருமைன்னேன்."

காசிமாயன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

புத்தகம் அந்தப் பக்கத்தைப் பற்றி ஜனாதிபதியிடம் கேட்கப் போனது. புருஷனும் பெண்டாட்டியும் சோற்றில் கை வைக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புத்தகம் திரும்பி வந்து புதிதாக வாசித்தது.

"அந்த அம்மாள் திட்டியதால்தான் ஜனாதிபதி விலகி உயிர் பிழைத்தார், வேறு காரணம் இல்லை. எருமை என்ற சொல்லை நீக்க வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்."

காசிமாயன் சிரித்த சிரிப்பில் தண்ணீர்ச் செம்பு கவிழ்ந்தது.

"அதான் நானும் இத்தன வருசமா உசுரோட இருக்கேன் போல."