தலைகீழாக மூன்று நிமிடம்

"எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு பொறந்ததே இல்ல. கோளாறு உன் வயித்துலதான்!"

எக்ஸ்ரே அறை வாசலில் நபவிய்யா இதைச் சொல்வது காலையிலிருந்து எத்தனையாவது தடவை என்று எண்ணக்கூட விதாத்துக்குத் தெம்பில்லை. நேற்று மதியம்தான் பிள்ளை பெற்றிருந்தாள்.

பிள்ளைக்குக் கண், மூக்கு, விரல் எல்லாம் சரியாக இருந்தன. மலம் போகிற வாசல் மட்டும் இல்லை. அந்த இடத்தில் ஒரு சின்னக் குழி, அவ்வளவுதான்.

பால் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு நாள் கழிய வேண்டும், பிள்ளை விழுங்கிய காற்று குடலின் அடிவரை போய்ச் சேர வேண்டும், அப்புறம்தான் படம். காற்று அந்தக் குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றால் இன்றைக்கே சின்ன ஆபரேஷன். எட்ட நின்றால் வயிற்றைக் கிழித்துக் குடலை வெளியே எடுத்துப் பை கட்டவேண்டும்.

அந்தக் கவலை போதாது என்று ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கார் வேறு நின்றிருந்தது.

"படம் எடுத்ததும் நீ உன் பிறந்த வீட்டுக்குக் கிளம்பு. பிள்ளையை நாங்க பார்த்துக்கறோம். ஹம்தான், காரை அனுப்பிடாதே!"

நபவிய்யா, விதாத்தின் கணவன் ஹம்தானின் அக்கா. பதிமூன்று வயது மூத்தவள். பெற்றவர்கள் போன பிறகு அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"அக்கா, பச்சை உடம்புக்காரி... சோஹாக் டவுனுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு தூரம்..." என்று ஹம்தான் இழுத்தான்.

"நீ வாயை மூடு. அடுத்ததும் இவ இப்படியே பெத்துப் போட்டா? ஊர் சிரிக்கும். உனக்கென்னடா குறை? சின்னதுல ரொட்டி அடுப்புல விழுந்து சுட்டுக்கிட்ட தழும்பைத் தவிர உன் உடம்புல ஒரு குத்தம் சொல்ல முடியுமா? நாளைக்கே நூறு பொண்ணு கிடைப்பா."

ஹம்தான் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கை தானாக வயிற்றின் இடப்பக்கத்தைத் தடவியது. திட்டு வாங்கும்போதெல்லாம் அப்படித்தான்.

கல்யாணமாகி ஒரு வருஷத்தில் அவன் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி விதாத் பார்த்ததில்லை. இன்றும் பேசப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கதவு திறந்தது. எக்ஸ்ரே எடுக்கும் தஹானி எட்டிப் பார்த்தாள்.

"உங்க சண்டை மாடி வரைக்கும் கேக்குது. யாராவது ஒருத்தர் உள்ள வாங்க. பிள்ளையைத் தலைகீழாப் பிடிச்சுக்கணும்."

"தலைகீழாவா?" ஹம்தானுக்கு முகம் வெளுத்தது.

"மூணு நிமிஷம். அப்பதான் காத்து மேல ஏறிக் குடலோட கடைசிக்கு வரும்."

விதாத் எழுந்தாள். நிற்க முடியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். ஹம்தானோ கோழி அறுப்பதைப் பார்த்தாலே மயங்கி விழுகிற ஆள்.

"விடுங்க, எல்லாம் என் தலையெழுத்து!" என்று பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு நபவிய்யா உள்ளே போனாள். விதாத் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"நீ அந்த மறைப்புக்குப் பின்னாடி உக்காரும்மா" என்ற தஹானி, திருஷ்டிக்காகப் பிள்ளையின் துணியில் குத்தியிருந்த நீலமணியைக் கழற்றினாள். "இது படத்துல விழும்." பிறகு நபவிய்யாவுக்குக் கனமான ஈயக் கவசத்தை மாட்டிவிட்டாள்.

"இங்க பாருங்க ஹாஜ்ஜா" என்று பெரியவளை மரியாதையாக அழைத்தாள். " ரெண்டு கணுக்காலையும் ஒரு கையால..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. பிள்ளை அதற்குள் தலைகீழாகிவிட்டது. இரண்டு கணுக்காலுக்கும் நடுவே ஒரு விரல், எலும்போடு எலும்பு இடிக்காமல். முழங்கால் லேசாக மடங்கியிருந்தது. இன்னொரு கை தலைக்குக் கீழே ஏந்தியிருந்தது. வீறிட்ட பிள்ளை மெல்ல அடங்கியது.

"ஈயப் பொட்டு ஒட்டலையே?" என்றாள் நபவிய்யா.

"என்னது?"

"அந்தக் குழி மேல. அது இல்லாம எடுத்தா எவ்வளவு தூரம்னு எப்படித் தெரியும்? அப்புறம் இன்னொரு தடவை தொங்கவிடணும். பாவம், பிள்ளை தாங்காது."

தஹானி தலையில் அடித்துக்கொண்டாள். இவர்கள் போட்ட சத்தத்தில் அது மறந்தே போயிருந்தது. அரிசியளவு ஈயத் துண்டை எடுத்துக் குழிமேல் வைத்து ஒட்டினாள். ஒட்டிவிட்டு நபவிய்யாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருபது வருஷமா படம் எடுக்கறேன் ஹாஜ்ஜா. டாக்டரைத் தவிர வேற யாரும் என்கிட்ட இதைக் கேட்டதில்ல. இதுக்கு முன்னாடி யாரைப் பிடிச்சீங்க?"

நபவிய்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்படியே வெளியே போய்விட வழியில்லை. இரண்டு கையிலும் பிள்ளை இருந்தது. மூன்று நிமிடத்தில் ஒன்றுகூட இன்னும் முடியவில்லை.

மறைப்புக்குப் பின்னாலிருந்து விதாத்தின் குரல் வந்தது.

"அண்ணி, அவர் வயித்துல இருக்கறது அடுப்பு சுட்ட தழும்புதானா?"

நபவிய்யா பிள்ளையின் உள்ளங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இதுவரை விதாத் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் சொன்னாள்.

"ஹம்தான் பொறந்தப்ப எங்கப்பா லிபியாவுல வேலையா இருந்தாரு. விஷயம் தெரிஞ்சா எங்கம்மாவைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிடுவாருன்னு பயம். இன்னிக்கு வரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்லலை."