ஐப்பசிக் கதவு

"நான் வூட்டுல இல்லைன்னு சொல்லிடு."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு உள்ளறைக்குள் நழுவினார் அமிர்தலிங்கம். வாசலில் குடையோடு நின்றவள் அனிதா. தச்சர் பன்சிலாலின் மகள். பன்சிலால் செத்து ஒன்பது நாளாகிறது.

ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்தவர் பன்சிலால். முப்பத்தோரு வருஷத்தில் அரியலூர் அவரைப் 'பன்சி ஆசாரி' ஆக்கிவிட்டது. சாவுக்கு ஊரே திரண்டது. நாலு தெரு தள்ளியிருந்த அமிர்தலிங்கம் மட்டும் மாலையை ஆள் மூலம் அனுப்பிவிட்டு, மூட்டுவலி என்று படுத்துக்கொண்டார்.

மனைவி சாந்தா கதவை இழுத்தாள். வரவில்லை. ஐப்பசி மழையில் ஊறி நிலையோடு இறுகிக் கிடந்தது.

"தள்ளி நில்லுங்கம்மா, நான் முட்டுறேன்" என்றாள் வெளியிலிருந்து அனிதா.

ஒரே முட்டு. திறந்துகொண்டது.

"அவரு வெளியில போயிருக்காரும்மா" என்று சாந்தா சொல்லி முடிக்கவும், உள்ளே அமிர்தலிங்கத்துக்குத் தும்மல் வரவும் சரியாக இருந்தது.

வேறு வழியில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"வாம்மா. அப்பா விஷயம் கேள்விப்பட்டேன். நானே வரணும்னுதான்..."

"பரவால்லீங்கய்யா. வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி அப்பா வந்து இந்தக் கதவை இழைச்சு வுட்டுட்டுப் போவாரு. இந்த வருஷம்தான் எழுந்திரிக்க முடியல. 'ஐயா வூட்டுக் கதவு இறுகியிருக்கும், இறுகியிருக்கும்'னு படுக்கையிலயும் அதே பேச்சுதான்."

அமிர்தலிங்கம் தரையைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை அப்பா வேலை செஞ்ச மரவாடியில படத்திறப்பு. நீங்கதான் படத்தைத் திறந்து வைக்கணும். அப்பா வாய்விட்டுக் கேட்டது இது ஒண்ணுதான்."

"நானா? என்னை எதுக்கும்மா? ஊர்ல எவ்வளவோ பெரிய மனுஷங்க..."

"எதுக்குன்னு அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்றேங்கய்யா."

அவள் போய்விட்டாள்.

"பாத்தியா சாந்தா? முப்பத்தோரு வருஷம் உள்ளயே வச்சிருந்து, செத்த பிறகு சபையில வச்சு என் மானத்தை வாங்கப் போறான்."

"நீங்க செஞ்சதைத்தானே சொல்லப் போறாங்க?"

"நீயும்தான் பக்கத்துல நின்னுட்டிருந்தே."

"ஆமா. நானும்தான்" என்றாள் சாந்தா.

அன்றைக்கும் இதே ஐப்பசி. மத்தியானம் ரயிலை விட்டு இறங்கி, நனைந்த தகரப் பெட்டியோடு வந்து நின்றார் பன்சிலால். பக்கத்தில் நிறைமாதமாக மனைவி கம்லா. முன்பு பன்சிலால் தனியாக வந்து கேட்டபோது, பின்கட்டு அறையை வாடகைக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார் அமிர்தலிங்கம். அதற்குள் அக்கம்பக்கத்தில், 'பாஷை தெரியாதவன், நாளைக்கு எதையாச்சும் சுருட்டிட்டுப் போனா எங்க போய்த் தேடுவ?' என்று ஏற்றிவிட்டிருந்தார்கள்.

"வேற ஆளுக்கு வுட்டாச்சு" என்று கதவைச் சாத்தினார். ஊறிய கதவு சாத்திக்கொள்ளவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே தோளால் மூன்று தடவை முட்டித்தான் சாத்த வேண்டியிருந்தது.

சுண்ணாம்புக்கல் லாரிகள் நிற்கும் கொட்டகையில் மறுநாள் அனிதா பிறந்தாள் என்று பிறகுதான் காதில் விழுந்தது.

அடுத்த வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் இழைப்புளியோடு, இடுப்பில் குழந்தையோடு, கூப்பிடாமலே வந்து நின்றார் பன்சிலால். கதவை இழைத்தார். ஒரு காபி. அவ்வளவுதான். அப்புறம் ஒரு வருஷம் தவறியதில்லை. 'குத்திக் காட்டுறதுக்குன்னே வர்றான்' என்று நினைத்துக்கொள்வார் அமிர்தலிங்கம். ஒருநாளும் 'உள்ள வாய்யா' என்று சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மரவாடி நிரம்பி வழிந்தது. அமிர்தலிங்கம் துணியை விலக்கினார். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு படத்தில் சிரித்தார் பன்சிலால்.

அனிதா மைக்கைப் பிடித்தாள்.

"சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல என்னை 'இந்திக்காரி, ஒன் ஊருக்குப் போ'ன்னு கேலி பண்ணுவாங்க. அழுதுகிட்டே வருவேன். அப்பா என்னை இந்த ஐயா வூட்டு வாசலுக்குக் கூட்டிட்டுப் போய்க் கதவைக் காட்டுவாரு. 'கொட்டுற மழையில நமக்குன்னு மொத மொதல்ல தொறந்த கதவு இதுதான். நீ பொறந்தது இந்த வூட்டுல. ஒன் ஊரு இதுதான், யாரு மேலயும் கோவப்படாத'ம்பாரு. அந்த நன்றிக்குத்தான் கடைசி வரைக்கும் அந்தக் கதவை இழைச்சாரு."

கூட்டம் முழுக்க அமிர்தலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தது. யாரோ கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

படத்தின் அருகே முக்காடிட்டு உட்கார்ந்திருந்த கம்லாவிடம் அமிர்தலிங்கம் போய்க் குனிந்தார்.

"அம்மா... அந்தப் புள்ளைகிட்ட உண்மையைச் சொல்லிடறேன். இல்லைன்னா நான் மனுஷனே இல்ல."

கம்லா தலையாட்டி மறுத்தாள்.

"வேணாங்கய்யா. எதுக்கு இந்தப் பொய்யின்னு நானும் அவரோட சண்டை போட்டிருக்கேன். 'புள்ள இந்த ஊர்லதான வாழணும் கம்லா'ன்னாரு."