கூடத்துக் காற்று

“அம்பது வயசுல தொப்பையை உறிஞ்சி எடுக்கணுமா? இன்னா, புது மாப்பிள்ளையா நீங்க?” டாக்டர் எதிரிலேயே கணவரைக் கேட்டாள் பரிதா.

“ஆமா,” என்று சிரித்தார் வில்லியனூர் துணிக்கடை அமீர் ஹம்சா.

“மறுபடியும் ஆபரேஷனா? எனக்கு இந்தத் தொப்பையே போதும் டாக்டர்,” என்றாள் பரிதா.

டாக்டர் அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். குடல் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றில் பொருத்திய மலப்பை, தொப்பை மடிப்பில் ஓரம் பிரிந்திருந்தது.

“பை இருக்கிற இடத்தை ஆபரேஷன் முடியிற வரைக்கும் நல்லா மூடி ஒட்டிட்டு, சுத்தியிருக்கிற கொழுப்பை மட்டும் எடுப்போம். குடல்ல படாது. அப்புறம் பை ஒழுகாதும்மா.”

“ஒழுகுதா? எங்கிட்ட சொல்லவே இல்லியே!”

“ரூம்ல காத்து வரலைன்னு கூடத்துல போய்ப் படுக்குறேனே, எதுக்குன்னு நெனச்ச?” என்றார் ஹம்சா மெதுவாக.

பரிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“புது மாப்பிள்ளையை எப்பக் கூட்டியாரட்டும் டாக்டர்?”