புதன்கிழமை ஏவுதல்

தூத்துக்குடிக்குத் தெற்கே அந்தக் கரையிலிருந்து வாரத்தில் ஐந்து நாள் ராக்கெட் ஏறும். அன்றெல்லாம் கடலுக்குத் தடை. மாதா கோயிலுக்கான ஞாயிறு போக, மீனவர்களுக்கு மிஞ்சியது புதன் மட்டும்தான்.

ஒரு செயற்கைக்கோள் கம்பெனிக்காக ஏவுதல் நாள்களை வாங்கித் தருவது இளம்பரிதியின் வேலை. அவசரத்தில் அவன் ஒரு புதனையும் வாங்கினான். அன்று அடுப்பெரிய வேண்டுமே என்று தடையை மீறிக் கடலுக்குப் போன மீனவர் கஸ்பாரின் வள்ளத்தின் மேல், கழன்று வந்த ராக்கெட் பாகம் விழுந்தது; கஸ்பார் கரை திரும்பவில்லை.

பத்தாம் நாள், உண்மையைச் சொல்லிவிடும் முடிவோடு இளம்பரிதி கஸ்பாரின் வீட்டுக்குப் போனான். அவனை யாரோ அரசாங்க ஆள் என்று நினைத்த கஸ்பாரின் மனைவி ஜெசிந்தா, நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"எங்களுக்குன்னு இருந்தது அந்த ஒரு நாளுதான் சார். அத வாங்குனது யாருன்னு தெரியுமா?"

"தெரியலம்மா," என்றான்.

"அந்த ஆளு மேல எனக்குக் கோவமில்ல சார். தெரிஞ்சே யாராச்சும் செய்வாவளா? அவியளுக்கும் பிள்ளகுட்டி இருக்கும்லா."

இளம்பரிதி தலையாட்டினான். அந்தப் புதனை வாங்கக் கையெழுத்துப் போட்ட தாளில், தேதிக்குப் பக்கத்திலேயே 'மீனவர் நாள்' என்று அச்சிட்டிருந்ததை அவன் அன்றே படித்திருந்தான்.