கணக்கில் விடுபடாத கல்யாணம்

"பயப்பிடாதையுங்கோ நானா, கேக் இந்த நேரம் தோட்டவெளி தாண்டியிருக்கும்" என்றான் ஜெராட், மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முஹைதீன் நானா பயப்படவே இல்லை. உப்புக்குளத்தில் கதிரை வாடகைக்கு விடுகிறவர் அவர். கதிரைகளை எல்லாம் உழவு இயந்திரத்தில் ஏற்றி அனுப்பிய பிறகும், மிஞ்சிய ஒரே கதிரையில் இந்த ஆள் ஏன் குந்தியிருக்கிறான் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி யாரு, கேக் செய்யிற ஆளா?"

"இல்லை, வீட்டுத்திட்டக் கந்தோரில பிளானிங் ஒஃபிசர். இண்டைக்குப் பேசாலைக் கோயிலில கல்யாணம். ஒழுங்கு முழுக்க என்ர பொறுப்பு."

திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினான். பெட்டி பெட்டியாகக் கட்டங்கள், அவற்றை இணைக்கும் கோடுகள், நடுவில் ஒரு சிவப்புக் கோடு.

"இருக்கிறது மூண்டே மூண்டு வாகனம். பெரியமடுவில இருந்து சொந்தக்காரர், டவுணில இருந்து கேக், இஞ்சயிருந்து கதிரை, பிறகு பாதர், பொம்பிளை. எந்த வாகனம் எங்க ஓடினா எல்லாம் கெதியாப் போய்ச் சேரும் எண்டு கம்பியூட்டர் கணக்குப் போட்டுத் தரும். லீனியர் புரோகிராமிங் எண்டு சொல்லுறது. இந்தச் சிவப்புக் கோட்டில இருக்கிற வேலை பிந்தினா, கல்யாணமே பிந்தும். மற்றதுகள் கொஞ்சம் ஆறுதலா நடக்கலாம்."

"சிவப்புக் கோட்டில என்ன இருக்கு?"

"பொம்பிளையின்ர தலை அலங்காரம்."

முஹைதீன் தலையாட்டினார். பெண்பிள்ளைகளைப் பெற்றவர், அதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

"ஒரு கல்யாணத்துக்கு இவ்வளவு கணக்கு எதுக்குத் தம்பி?"

"மானப் பிரச்சினை நானா. போன வருசம் பெரியமடுவில நான் போட்ட பிளானில முதல் ஓடு வந்தது, பிறகுதான் அத்திவாரம். மேசன்மார் மடுத் திருவிழாவுக்குப் போவினம் எண்டதைப் போட மறந்திட்டன். இறக்கி வைச்ச ஓட்டுக்கு மேல ஆடு ஏறி நிண்டு என்னைப் பாத்துது. அண்டையில இருந்து கந்தோரில எனக்கு 'ஓட்டு ஜெராட்' எண்டுதான் பேர்."

சொல்லிவிட்டு முஹைதீனைவிட அவனே அதிகம் சிரித்தான். தன் மானம் போன கதையை அவனளவு ருசியாகச் சொல்ல மன்னாரில் வேறு ஆள் கிடையாது.

ஆனால் அடுத்து வரவிருந்த முசலி வீட்டுத்திட்டம் சிரிப்பில்லை. சண்டை முடிந்து திரும்பி வந்த குடும்பங்கள் அங்கே இன்னும் தறப்பாள் கூடாரங்களில்தான் இருந்தன. மாரிக்கு முன் அவர்களுக்கு வீடு எழும்ப வேண்டும். பணிப்பாளர் தோமஸ் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒரு கல்யாணத்தையாவது நேரத்துக்கு நடத்திக் காட்டும், முசலியை உம்மட்ட தாறன். இல்லாட்டி உம்மட கோடு கீறுற வேலையை இதோட விடும்." அவரும் இன்று கோயிலில் முன்வரிசை வாங்கில் இருந்தார்.

"இந்த முறை ஒண்டும் விடேல்லை நானா. டிரைவர் தேத்தண்ணி குடிக்கிற நேரம், ரயர் காத்துப் போனா மாத்திற நேரம், பொம்பிளையின்ர தாய் அருளம்மா அழுகிற நேரம், எல்லாம் போட்டிருக்கிறன்."

"மாஷா அல்லாஹ். அப்ப நீங்க கல்யாணத்துக்குப் போகல்லையா?"

"நான் போனா இதை ஆர் பாக்கிறது?"

கைத்தொலைபேசி அடித்தது. கோயில் வாசலில் நிற்கும் அவனுடைய கூட்டாளி சந்தியோகு.

"மச்சான், பெரியமடு ஆக்களோட வான் வந்திட்டுது."

ஜெராட் ஒரு தட்டுத் தட்டினான். ஒரு பெட்டி பச்சையானது. பிறகு கேக் உடையாமல் வந்தது. கதிரைகள் வந்தன. பாதர் வந்தார். மணப்பெண் கிறிஸ்ரினா கொண்டை குலையாமல் வந்து இறங்கினாள். அருளம்மாகூடத் தனக்கு ஒதுக்கிய நேரத்துக்குள் அழுது முடித்து மூக்கைத் துடைத்துவிட்டாராம். பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாவதைப் பார்த்து ஜெராட் மெல்ல விசிலடித்தான். காலைக் கடித்துக்கொண்டிருந்த புதுச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தான்.

அடுத்து தோமஸின் அழைப்பு வந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"ஐசே, கோயிலுக்குள்ள இருந்து மணிக்கூட்டைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன். ஒண்டும் பிந்தேல்லை. பூசையும் நேரத்துக்குத் தொடங்கட்டும், முசலி உம்மடதான்."

முஹைதீன் அவனுக்கு ஒரு பிளேன்ரீ கொண்டுவந்து கொடுத்தார். இவ்வளவு சந்தோசமான ஒரு மனுசனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் போல் அவருக்கு இருந்தது. அவன் ஒரு வாய் குடிப்பதற்குள் மறுபடியும் சந்தியோகு.

"டேய், பாதர் பீடத்துக்கு வந்திட்டார். எல்லாம் வந்திட்டுது. மாப்பிள்ளையை எந்த வாகனத்திலயடா போட்டனீ?"

"பொறு, பாத்துச் சொல்லுறன்" என்றான் ஜெராட் அலட்சியமாக.

மேலிருந்து கீழே பார்த்தான். கேக், பூ, கதிரை, பாதர், பாட்டுக்காரர். கீழிருந்து மேலே பார்த்தான். பிளேன்ரீயைத் தரையில் வைத்துவிட்டு மறுபடியும் மேலிருந்து பார்த்தான்.

"என்ன தம்பி, யாரும் பிந்திட்டாங்களா?"

"ஒருத்தரும் பிந்தேல்லை நானா. மாப்பிள்ளையைக் கணக்கில போட மறந்திட்டன். மூண்டு வாகனமும் பேசாலையில நிக்குது."

"யா அல்லாஹ்! அந்த மனுசன் இப்ப எங்க நிண்டு தவிக்கிறாரோ, பாவம்!"

ஜெராட் குனியாமலே, புதுச் சப்பாத்தைக் காலால் தேடினான்.

"உங்கட கதிரையிலதான் நானா, இருக்கிறார்."