பன்னிரண்டாகவே இருக்கட்டும்

“செட்டைத் தொடக் கூடாது தம்பி. கம்பெனி கொடுத்த செட்டு அப்படியே இருக்கணும். மத்ததையெல்லாம் மாத்திடுங்க.”

காரை விட்டு இறங்கும்போதே சொல்லிவிட்டார் பெரியவர்.

காருக்கு ஸ்பீக்கர் மாட்டுவதுதான் என் பிழைப்பு. வருகிறவர்கள் முதலில் கழற்றி எறியச் சொல்வதே அந்தப் பழைய பாட்டு செட்டைத்தான். இவர் என்னடா என்றால் தலைகீழாக நிற்கிறார்.

“பெரிய திரை வெச்ச செட்டெல்லாம் வந்திருக்கு சார். மேப் பாக்கலாம், போன் பேசலாம்...”

“வேண்டவே வேண்டாம். பார்வைக்கு எதுவும் மாறக் கூடாது. வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சா நான் தொலைஞ்சேன்.”

அதானே பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

“அப்போ செட்டுலேர்ந்து ஒயர் இழுத்து, சீட்டுக்கு அடியில ஒரு ஆம்ப் வெச்சிடறேன். சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கிற பெட்டி சார். கதவுல ஸ்பீக்கரை மட்டும் மாத்திட்டு, மேல பழைய மூடியையே போட்டுடலாம். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத் தேடினாலும் தெரியாது.”

“அது போதும். ஆனா ஒண்ணு. செட்டுல சத்தம் பன்னிரண்டுன்னு நம்பர் காட்டும்போது, இருபத்தஞ்சுல வெச்ச மாதிரி கேக்கணும்.”

“இருபத்தஞ்சு வேணும்னா இருபத்தஞ்சுக்குத் திருகிக்கலாமே சார்?”

“திருகினா நம்பர் காட்டிக் கொடுத்துடுமே தம்பி.”

வேலை முடிந்ததும் கேட்டுப் பார்க்கக் கூப்பிட்டேன். ஸ்டியரிங் பக்கமே போகவில்லை மனிதர். நேராகப் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் கூட்டுங்க.”

“ஓட்டப் போறது நீங்கதானே சார்?”

“ஓட்டுறவனுக்குக் கேட்டா என்ன, கேக்காட்டி என்ன. இங்க உக்கார்றவங்களுக்கு நல்லா கேக்கணும்.” சொல்லும்போது முகத்தில் வெட்கம் வேறு.

வீட்டம்மாவுக்குத் தெரியக் கூடாதாம். பக்கத்து சீட்டுக்கு மட்டும் இனிக்க வேண்டுமாம். ரெண்டும் ரெண்டும் நாலு என்று எனக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? தலை நரைத்த அளவுக்கு ஆசை நரைக்கவில்லை போலிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து என் வீட்டிலிருந்து போன். “இதோ, பாதி வழி வந்துட்டேம்மா” என்று கடைக்குள் நின்றபடியே சொல்லிவிட்டு வைத்தேன். கட்டின பொண்டாட்டியை ஏமாத்துறவன் உருப்படுவானா என்று பெரியவரைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே, வழக்கம்போல் ஆம்ப் மேல் எங்கள் கடை ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பி வைத்தேன்.

சில மாதம் போயிருக்கும். அதே கார் வந்து நின்றது. ஓட்டி வந்தது ஒரு அம்மா.

“குடை சீட்டுக்கு அடியில உருண்டு போச்சு. எடுக்கலாம்னு கை விட்டா ஒரு பெட்டி. மேல உங்க கடைப் பேரு, போன் நம்பர், எல்லாம் கொட்டை எழுத்துல.”

ஒளித்து வைத்த பெட்டிக்கு விளம்பரம் ஒட்டிய புத்திசாலி நான்தான். தேள் கொட்டின திருடன் மாதிரி விழித்தேன். சார் கேட்டாரு, நான் செஞ்சேன், மத்தபடி எனக்கு ஒண்ணும் தெரியாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அந்த அம்மாவே பேசினார்.

“சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கணும் தம்பி. நம்பர் மட்டும் பன்னிரண்டாவே இருக்கட்டும். அவருக்குத் தெரியக் கூடாது.”

“என்னம்மா சொல்றீங்க?”

“கொஞ்சம் சத்தமா பேசுங்க.” காதருகே கையைக் குவித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“ரெண்டு வருஷமா காது மந்தம். அவர் சொன்னப்போ நான் ஒத்துக்கல. என் காதுக்கு என்ன கேடு, எப்பவும் பன்னிரண்டுலதானே பாட்டு கேக்கறேன்னு வீம்பு பேசிட்டேன். அப்புறம் பன்னிரண்டுல வெறும் முனகல்தான். கூட்டி வெச்சா தோத்துப் போன மாதிரி. அதனால அவர்கூடக் கார்ல போறதையே விட்டுட்டேன். ஒரு நாள் வலுக்கட்டாயமா இழுத்துட்டுப் போனாரு. அதே செட்டு, அதே பன்னிரண்டு, பாட்டு கணீர்னு கேட்டுது. பாத்தியா, உன் காது நல்லாத்தான் இருக்குன்னாரு.”

“அப்பவே தெரிஞ்சு போச்சாம்மா?” இந்த முறை சத்தமாகவே கேட்டேன்.

“தெரியாம என்ன? போன காது ஒரே நாள்ல திரும்பி வருமா? அவர் முகத்துல இருந்த சந்தோஷத்தைப் பாத்து நானும் வாயை மூடிக்கிட்டேன். இப்ப மறுபடியும் முனகுது. அவருக்குத் தெரியாம டாக்டர்கிட்ட போனேன். மெஷின் மாட்டினாலும் ஓரளவுக்குத்தான், இன்னும் குறையும்னுட்டாரு. அதைக் கேட்டா அவர் இடிஞ்சு போயிடுவாரு தம்பி. கொஞ்ச நாள் இப்படியே ஓடட்டும்.”

அந்த மனிதரை என்னென்ன நினைத்துவிட்டேன். குனிந்து ஆம்பில் இருந்த சின்னத் திருகில் கை வைத்தவன், சட்டென்று நின்றேன்.

“அம்மா, இதுக்கு மேல கூட்டினா சார் காது தாங்காது.”

சிரித்தார். ஓட்டுகிற பக்கத்துக் கதவில் கிடந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே கண்ணாடி இல்லை. ஒரு துணுக்குப் பஞ்சு இருந்தது.

“நான் பெல்ட் மாட்டத் திரும்பறப்போ ரெண்டு காதுலயும் வெச்சுக்குவாரு. எனக்குத் தெரியாதாம்.”

கைப்பையிலிருந்து புதுப் பஞ்சை எடுத்து, கொஞ்சம் பிய்த்து, கூட்டில் வைத்து மூடினார்.

“ஒரு நாளாவது யோசிக்கணுமே அந்த மனுஷன், இந்தப் பஞ்சு ஏன் தீரவே மாட்டேங்குதுன்னு.”