பதினாலு தலை

“பதினாலா?”

லெவி ஆபீசர் பஞ்சாபகேசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, படிவத்தை மறுபடியும் பார்த்தார்.

“பதினாலேதான்” என்றாள் வடிவம்மாள். களத்தில் குவிந்து கிடந்த கார் நெல்லுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

தலையாரி வல்லிநாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனும் போய், பிள்ளையும் இல்லாத ஒண்டிக்கட்டை இவள். வீட்டில் தலைக்கு இவ்வளவு என்று சாப்பாட்டுக்கு விட்டுவிட்டு, மீதி நெல்லை சர்க்கார் விலைக்கு எடுத்துக்கொள்வதுதான் லெவி. அதற்காக ஒற்றைத் தலையைப் பதினாலாக்கி எழுதிக் கொடுத்திருக்கிறாள். எல்லாம் புளியரை செக்போஸ்ட் தாண்டி மலையாளத்துக்கு மூட்டையைக் கடத்தத்தான் என்று அவனுக்கா தெரியாது? ஆபீசர் காதில் விஷயத்தைப் போட்டவனே அவன்தான்.

“சார், இந்த வீட்டுல அக்கா ஒருத்திதான். மத்த பதிமூணும் பேப்பர்ல பெத்தது.”

ஆபீசர் சிரித்தார். “குடும்பக் கட்டுப்பாடுன்னு ஊர் பூரா சிவப்பு முக்கோணம் வரைஞ்சு கத்திண்டிருக்கோம். நீங்க ஒரே நாள்ல பதிமூணு பெத்துட்டேளே அம்மா!”

“பெத்தாத்தான் பசிக்குமா அய்யா? திங்குத வாயை எண்ணுங்க.”

“சர்க்கார் சும்மாவா எடுக்கறது? பணம் தரதேம்மா.”

“ரூவாயை உலையில போட்டு வடிக்கவா?”

ஆபீசர் நல்ல மனுஷர். “சரி, வேலையாள் ரெண்டு பேரைச் சேர்த்து மூணு போட்டுக்கறேன்.”

“பதினாலு.”

“நாலு. அதுக்கு மேல எழுதினா என் வேலை போயிடும்.”

“போனா என் வயல்ல களை எடுக்க வாங்க. பதினாலு!”

மூட்டை தூக்க வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வல்லிநாயகம் சிரிக்கவில்லை. இவளை அவனுக்குத் தெரியும். தலையில் கத்திரிக்காய்க் கூடையோடு தென்காசி சந்தைக்கு நடந்து நடந்து, அஞ்சு பைசா இறங்காமல் சண்டை போட்டே சிற்றாற்றுப் பாசனத்தில் ரெண்டு ஏக்கர் வாங்கியவள். விட்டால் சாயங்காலம் வரை இப்படியே நிற்பாள்.

“அக்கா, எனக்கு ஆறு புள்ளைக. என் சம்பளம் என்னன்னு ஊருக்கே தெரியும். ரேஷன் அரிசியை வச்சே என் வீட்டுக்காரி ஒப்பேத்துதா. ஒத்தை ஆளு உனக்கு எதுக்கு இவ்வளவு நெல்லு?”

“வாயை மூடுலே!”

ஆபீசர் பேனாவைத் திறந்தார். “சண்டை வேண்டாம். பதிமூணு பேரோட பேரும் அப்பா பேரும் சொல்லுங்கோ. தலையாரி போய் விசாரிச்சுட்டு வரட்டும். நிஜம்னா பதினாலுன்னே எழுதிக் கையெழுத்துப் போடறேன்.”

வடிவம்மாளின் சத்தம் முதல் தடவையாக இறங்கியது. “அப்பன் பேரு எதுக்கு?”

“ரூல் அப்படிம்மா.”

“மாட்டுனியா!” வல்லிநாயகம் துள்ளினான். “சார், பதிமூணு வேண்டாம். ஒரே ஒரு அப்பன் பேரைச் சொல்லச் சொல்லுங்க. இங்கனயே என் மீசையை எடுத்திருதேன்!”

வடிவம்மாள் அவனை முறைத்தாள். வாயைத் திறந்தாள். அவன் மீசையில் கைவைத்துக்கொண்டு காத்திருந்தான்.

திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

“ஒண்ணுன்னே எழுதிக்கிடுங்க அய்யா. எவன் பேரையும் நான் சொல்லுததா இல்லை. அள்ளிட்டுப் போங்க!”

அஞ்சு பைசா இறங்காதவள் பதினாலிலிருந்து ஒன்றுக்கு இறங்கிவிட்டாள். ஆபீசருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. மூட்டைகள் லாரி ஏறின.

என்றைக்கும் பொழுது சாய்ந்து வீடு வருகிற வல்லிநாயகம் அன்றைக்கு மத்தியானமே வந்துவிட்டான். பெண்டாட்டி மாடத்தி பானை கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் நடித்தே காட்டினான்.

“அத்தனை வாய் பேசுதவ, ஒரே ஒரு அப்பன் பேரு சொல்ல முடியலட்டி!”

மாடத்தியின் கை நின்றது. “எத்தனை மூட்டை விட்டாக?”

“ஒருத்தி வயித்துக்கு உள்ளது.”

“பாவி மனுசா!” அவள் எழுந்தாள். “அவ சொல்ல மாட்டா. உம்ம காதுக்குப் போகக் கூடாதுன்னு நாந்தான் சத்தியம் வாங்கினேன். மத்தவளுகளும் அப்படித்தான். நீரு ரோசக்காரருலா! ரேஷன் அரிசி மாசத்துல பத்து நாளுக்குக் காணாது. பெரியது மூணும் பள்ளிக்கூடத்துல சோறு திங்குது. சின்னது மூணும் எங்கன போய்த் திங்குதுன்னு ஒரு நாளாச்சும் கேட்டீரா?”

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடப் புருஷன் பேரை வாயால் சொல்லாதவள், தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்:

“ஓடிப்போய் அந்த ஆபீசர்ட்ட சொல்லும். வடிவக்கா வீட்டுல சோறு திங்குத பதிமூணு புள்ளையில, மூணு பேருக்கு அப்பன் பேரு வல்லிநாயகம்!”